கோடைப் பயணம் முதலிலா, கடைத் திறப்பு முதலிலா?

கேள்வி

நானும் என் கணவரும் ஒரு சிறு நகரத்தில் கடை வைக்க ஓராண்டாகத் திட்டமிட்டு வருகிறோம். குழந்தைகளுக்கான புத்தகங்கள், எழுதுபொருள்கள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றை விற்பதாக எண்ணம். மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்குப் பத்து மாதம். கணவரின் வேலை கோடைக்கு முன்பே நிறைவடைகிறது. எனவே ஆறு வாரங்கள் குடும்பமாகக் காரில் ஊர் ஊராகச் சென்றுவிட்டு, பள்ளிகள் திறக்கும் வாரத்திலேயே கடையையும் திறந்துவிடலாம் என்று நினைத்தோம்.

இப்போது இரண்டு சிக்கல்கள் எழுந்துள்ளன. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் இடத்தின் உரிமையாளர் இந்த மாதமே ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறார். பயணத்துக்கான பணத்தையும் கடை முதலோடு சேர்ப்பதுதான் பொறுப்பான செயல் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதால்தான் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு கடை தொடங்கியவர்கள், பயணத்தைத் தள்ளிப்போடுவது சரியா என்று சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

சகோதரி, பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நானும் என் மனைவியும் பதினொரு ஆண்டுகளாக உங்களுடையதைப் போன்ற ஒரு கடையை நடத்தி வருகிறோம். தொடங்கிய பிறகு மூன்று கோடைகள் எங்களால் தொடர்ந்து நான்கு நாள்கூட வெளியூர் செல்ல முடியவில்லை. சிறு நகரத்தில் புதிய கடை ஒருமுறை பூட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்கள், அது எப்போது திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்ற எண்ணத்தோடு போய்விடுகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அடுத்த கோடை என்று நீங்கள் சொல்வது உண்மையில் நான்காவது கோடையாக இருக்கலாம், அப்போது மூத்தவளுக்கு ஒன்பது வயது ஆகியிருக்கும்.

ஆனால் பள்ளி திறக்கும் வாரத்தில் கடை திறப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அந்த வாரத்துக்கான சரக்கை மொத்த வியாபாரிகளிடம் பல வாரங்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். பெட்டிகள் வந்து இறங்கும் நாளில் ஒருவர் நின்று பட்டியலோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும், உடைந்ததையும் குறைந்ததையும் அன்றைக்கே எழுதித் தெரிவிக்க வேண்டும். நீங்கள் அப்போது எங்கோ சாலையில் இருப்பீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நாங்கள் அப்படித்தான் பள்ளி திறக்கும் பருவத்தில் தொடங்கினோம். முதல் மாத விற்பனையைப் பார்த்து, வழக்கமான விற்பனையே இதுதான் என்று நம்பி, இரண்டாம் மாதம் அதே அளவு நோட்டுப் புத்தகங்களை வாங்கி அடுக்கினோம். அவற்றில் பாதிக்கு மேல் அடுத்த ஆண்டு வரை விற்கவில்லை. ஓரங்கள் மஞ்சளாகி, மேலட்டை வளைந்து, கடைசியில் வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட்டோம். எங்கள் மகள் அந்தக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள், அவளை இறக்கிவிட்டுத்தான் ஒவ்வொரு கட்டாக விற்க வேண்டியிருந்தது. பருவம் முடிந்து ஆறு அல்லது எட்டு வாரங்கள் கழித்துத் திறந்தால், கூட்டம் குறைவான நாள்களில் வேலையைக் கற்றுக்கொள்ளலாம், தவறுகளும் சிறியவையாக இருக்கும்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, உரிமையாளருக்கு உறுதி வேண்டும் என்றால் ஒரு சிறு முன்பணம் கொடுத்து, வாடகை எந்தத் தேதியிலிருந்து கணக்காகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுக்குப் பலகைகள் அமைக்கும் வாரங்களுக்கு வாடகை இல்லை என்று கேட்பது எங்கும் உள்ள வழக்கம்தான், கேட்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாம் மறுமொழி

நான் சிறு வணிகங்களுக்குக் கணக்கு எழுதுபவன். பயணம் போகலாமா என்பதைப் பயணச் செலவை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடை தன் காலில் நிற்கும் வரை குடும்பம் எத்தனை மாதம் கையிருப்பில் வாழ முடியும் என்பதே முதல் கணக்கு. அதைத் தனியே எடுத்து வைத்த பிறகும் பணம் மிஞ்சினால், தயங்காமல் புறப்படுங்கள். மிஞ்சாவிட்டால், பயணத்தை நிறுத்தினாலும் அந்தக் கடை ஓடாது.

அடுத்தது, உங்கள் லாப விழுக்காட்டை எதன்மேல் கணக்கிட்டீர்கள் என்று பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் தடுமாறும் இடம் இது. 60-க்கு வாங்கி 100-க்கு விற்றால் விற்பனை விலையில் லாபம் 40 விழுக்காடு. வாங்கிய விலையோடு 40 விழுக்காடு சேர்த்து விற்றால், அதாவது 100-க்கு வாங்கி 140-க்கு விற்றால், விற்பனையில் லாபம் ஏறத்தாழ 28.6 விழுக்காடு மட்டுமே. வாடகை, மின்சாரம், கடன் தவணை, கூலி எல்லாம் சேர்ந்து மாதம் 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் 250 பங்கு விற்றால் லாபமும் நட்டமும் இல்லாத நிலையை எட்டுவீர்கள். இரண்டாம் வகையில் 350 பங்கு விற்றாக வேண்டும். தள்ளுபடியும் இப்படித்தான் ஏமாற்றும். 40 விழுக்காடு லாபமுள்ள பொருளுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால், பழைய லாபத்தைப் பெறவே எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்க வேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். சில்லறை வணிக ஈர்ப்பு விதி என்று வில்லியம் ரெய்லி 1931-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். இரு நகரங்களுக்கு இடையே வாழ்பவர்களை ஒவ்வொரு நகரமும் தன் மக்கள்தொகைக்கு நேர் விகிதத்திலும், தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்திலும் ஈர்க்கிறது என்பது அதன் சாரம். உங்கள் நகரத்தில் 20,000 பேரும், 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய நகரத்தில் 1,80,000 பேரும் இருந்தால், உங்கள் பக்கத்து எல்லை சுமார் 7.5 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். இது தோராயமான கணக்குதான் என்றாலும், சுற்றுவட்டார ஊர்கள் அனைத்தும் உங்களிடமே வரும் என்று எழுதி வைத்த திட்டத்தைத் திருத்துவதற்குப் போதுமானது.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு குழந்தைகள் தூங்கிய பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தோம். நாங்கள் 40 விழுக்காட்டை வாங்கிய விலையின்மேல்தான் போட்டிருந்தோம், ஆனால் மாத இலக்கை அது விற்பனை விலையின்மேல் வரும் லாபம் என்று எண்ணிக் கணக்கிட்டிருந்தோம். பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மீண்டும் எழுதினோம். இப்போது தேவைப்படும் விற்பனை அச்சமூட்டுகிறது. ஆனாலும், கடை திறந்த பிறகு தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது நிம்மதியாகவே இருக்கிறது. எட்டு மாதக் குடும்பச் செலவைத் தனியே எடுத்து வைத்தால், நான்கு வாரப் பயணத்துக்கு மட்டும் பணம் இருக்கிறது. அந்த நான்கு வாரங்களில் கடைக்குப் பயன்படும் எதையேனும் கற்றுக்கொள்ள முடியுமா?

மூன்றாம் மறுமொழி

முடியும், ஆனால் பயணம் முழுவதையும் கடைப் பாடமாக ஆக்கிவிடாதீர்கள். நாங்கள் எங்கள் முதல் கடைக்கு முன் அப்படி ஒரு பயணம் சென்றோம். நாளுக்கு மூன்று கடை பார்க்க வேண்டும் என்று கணவர் பட்டியல் போட்டிருந்தார். மூன்றாம் நாளே இரு குழந்தைகளும் பின்னிருக்கையில் அழுதுகொண்டிருந்தார்கள். பிறகு ஓர் ஊருக்கு ஒரு கடை, அதுவும் காலையில் மட்டும் என்று மாற்றிக்கொண்டோம். அப்படிப் பார்த்தவையே இன்றும் நினைவில் இருக்கின்றன.

ஒருவர் உள்ளே செல்லும்போது மற்றவர் சிறியவனோடு நிழலில் இருங்கள். இரண்டே நிமிடம்தானே என்று அவனைக் காரில் விட்டுச் செல்லவே கூடாது. வெயிலில் மூடி நிற்கும் காரின் உட்புற வெப்பம் பத்து நிமிடங்களில் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்ந்துவிடும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

மூத்தவளை உள்ளே அழைத்துச் சென்று, எதுவும் சொல்லாமல் பின்னால் நில்லுங்கள். எங்கள் மகன் ஒரு கடையில் கண்ணைக் கவரும் பெரிய பெட்டிகளை எல்லாம் தாண்டிச் சென்று, தரையோடு ஒட்டிய கடைசித் தட்டில் இருந்த மரப் பம்பரங்களின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். அவற்றைத் தொட்டுப் பார்க்க அந்தக் கடைக்காரர் அனுமதித்திருந்தார். எங்கள் கடையின் கீழ்த்தட்டுகள் இன்று அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

இளையவன் கடையிலேயே வளரப்போகிறான் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். சிறு பாகங்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதுமாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும். அத்தகைய பொருள்களுக்கு உயரமான, மூடிய தட்டுகளை முதல் நாளிலிருந்தே ஒதுக்குங்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரே ஒரு வேலை. நீங்கள் பார்த்து வைத்துள்ள இடத்துக்கு எதிரே, ஒரு சாதாரண வேலை நாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் காலை, நண்பகல், மாலை ஒவ்வொரு மணி நேரம் அமர்ந்து, கடந்து செல்பவர்களை எண்ணுங்கள். குழந்தையோடு நடப்பவர்களுக்குத் தனிக்கோடு போடுங்கள். திரும்பி வந்ததும் மீண்டும் ஒருமுறை எண்ணினால், கோடையில் அந்தத் தெரு எவ்வளவு மாறுகிறது என்பது தெரிந்துவிடும்.

கேட்டவரின் பதில்

நாளைக் காலை எண்ணத் தொடங்குகிறோம். உரிமையாளரிடம் இன்று பேசினோம். பயணம் முடிந்து மூன்றாம் வாரத்திலிருந்து வாடகை கணக்காகட்டும் என்று கேட்டதற்கு, முதலில் தயங்கியவர், முன்பணத்தைச் சற்று உயர்த்தியதும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பெரியவர்களிடம் அடித்துத் திருத்திய கணக்குப் பக்கத்தையே காட்டினோம். மாமனார் நெடுநேரம் பார்த்துவிட்டு, நாங்கள் எண்ணும் வேளைகளில் இளையவனைத் தாம் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.