இடுப்புப் பையா, மடிப்பையா, கச்சைப்பையா? இழைவீச்சுத் தூண்டிலுக்கு ஒரு சொல்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

எல்லோருக்கும் வணக்கம்.

தூண்டில் கையேட்டில் அடுத்து எழுத வேண்டியது கருவிப் பை பற்றிய பகுதி. ஃப்ளை ஃபிஷிங்குக்கு 'இழைவீச்சு' என்று இந்தச் சொல்லாக்கக் குழுவில் முடிவானது எனக்குப் பெரிய உதவி. பொய்யிரை பூச்சியாகவும் இருக்கலாம், இறாலாகவும் இருக்கலாம், மீன்குஞ்சாகவும் இருக்கலாம். அதற்கு எடை இல்லை என்றே சொல்லலாம். கனத்த இழையை வீசுகிறோம், இரை அதன் பின்னால் போகிறது. இதை அந்தச் சொல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

இப்போது நிற்பது வெய்ஸ்ட் பேக்கில். வரைவில் 'இடுப்புப் பை' என்று எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் வியாபாரிகள் சில்லறை போட்டுவைக்கும் சின்ன ஜிப் பையையே நினைத்தார்கள். நான் சொல்வது வேறு பொருள். ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளளவு, அகலமான பட்டை, உள்ளே பொய்யிரைப் பெட்டிகள் இரண்டு மூன்று, தங்கூஸ் (நைலான் இழை) சுருள்கள், இடுக்கி, இழைவெட்டி, தண்ணீர் பாட்டில், சிலவற்றில் பின்புறம் கைவலையைச் செருக ஓர் இடம். வீசும்போது பை முதுகுப் பக்கம் இருக்கும். இரை மாற்ற வேண்டுமானால் இடுப்பைச் சுற்றி முன்னால் இழுத்துக்கொள்ளலாம். இதற்குத் தனிச்சொல் வேண்டுமா, 'இடுப்புப் பை'யே போதுமா?

லாஸ்பேட்டை, புதுச்சேரி

போதும் என்பதே என் கருத்து. பழகிய சொல்லைப் படிப்பவர் தயங்காமல் எடுத்துக்கொள்வார். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதை 'பனான்' என்கிறார்கள். வாழைப்பழ வடிவத்தில் இருப்பதால் பிரெஞ்சில் அந்தப் பெயர். அவர்கள் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் இடத்தைப் பார்த்து வைக்கிறோம். இரண்டும் முறைதான். பொருள் பெரிதா சிறிதா என்பதை ஓர் அடைமொழி சொல்லிவிடும்: 'தூண்டில் இடுப்புப் பை'.

வில்லியனூர்

அண்ணா, 'தூண்டில் இடுப்புப் பை' ஒரு பக்கத்தில் பத்து முறை வந்தால் வாசிக்க முடியாது. நான் 'மடிப்பை' என்பதை முன்வைக்கிறேன். வேட்டி மடியில் காசு முடிந்துகொள்வதும், ஆத்தா சுருக்குப்பையை மடியில் செருகிக்கொள்வதும் எல்லோரும் பார்த்தது. இடுப்பில் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்ற பொருள் 'மடி'யிலேயே இருக்கிறது. மூன்றரை எழுத்தில் முடிந்துபோகிற சொல்.

கடலூர் முதுநகர்

அம்மா, உங்கள் வரைவை முழுவதும் படித்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போகும் சொல் என்பதால் கடற்கரையில் நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வில்லியனூர்த் தம்பியின் 'மடிப்பை' அழகான சொல். ஊருக்குள் அது நிற்கும். தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ நிற்காது. எங்கள் பக்கத்தில் மடி என்றால் வலை. இழுவைமடி, சுருக்குமடி எல்லாம் அப்படி வந்தவை. வலையின் கடைக்கோடியில் மீன் வந்து அடையும் பகுதிக்கும் மடி என்றே பெயர். சுருக்குமடியை 2000ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தடை செய்ததும், 2023இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்ததும், அதையொட்டிக் கிராமத்துக்கும் கிராமத்துக்கும் நடந்த மோதல்களும் எங்கள் மாவட்டத்தில் ஆறாத காயம். அந்த ஊர்களில் போய் 'மடிப்பை' என்றால் மீன் சேரும் பை என்றுதான் கேட்பவர் நினைப்பார். கருவி வைக்கும் பைக்கு அந்தப் பெயர் கூடாது.

இதே காரணத்தால் 'பறி'யையும் தவிர்க்க வேண்டும். யாராவது அதையும் சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். பிச்சாவரம் உப்பங்கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்கள் ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. இழைவீச்சுக்காரரின் தேவையும் இதுவே: ஒரு கை கோலில், ஒரு கை இழையில். ஆனாலும் பறி என்பது பிடித்ததை வைப்பது, நாம் பெயர் தேடுவது பிடிக்க உதவுவதை வைக்கும் பைக்கு. 'பறி'யை, பிடித்த மீனைப் போட்டுக்கொள்ளும் கூடைக்கு விட்டுவைப்போம். கையேட்டில் அதுவும் வரும்தானே?

'அரைப்பை' இலக்கணப்படி சரி. அரைஞாண் இருக்கிறதே. ஆனால் கடைக்காரரிடம் அரைப்பை கேட்டால் பாதிப் பை என்பார். 'அடைப்பம்' என்றொரு பழஞ்சொல் உண்டு. வெற்றிலைப் பைக்கும் நாவிதர் கருவிப் பைக்கும் அதுவே பெயர். பல அறைகளில் சிறு கருவிகளைப் பிரித்து வைக்கும் பை என்ற பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை, எனக்கும் அதன்மேல் ஆசை. ஆனால் இன்றைய காதுக்கு 'அடைப்பு' என்பது சாக்கடையும் மாரடைப்பும். விட்டுவிட வேண்டியதுதான்.

இனி பொருளைப் பார்ப்போம். இந்தப் பையின் உயிர் பையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. இழைவீச்சில் கோலை முன்னும் பின்னும் ஆட்டி, இழை காற்றில் முழுதாக நீள்வதற்குக் காத்திருந்து, மறுபடி முன்னே செலுத்த வேண்டும். தோளில் ஒரு வார் அழுத்திக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் அந்த ஆட்டம் கெட்டுவிடும். சுமையை இடுப்பெலும்புக்கு இறக்கிவிட்டால் தோள் விடுபடும். அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் லீ வுல்ஃப் என்ற தூண்டில்காரர் பைகள் தைத்த மேல்சட்டையைக் கொண்டுவந்தார் என்பார்கள். குளிர்ந்த மலையோடைக்கு அது பொருந்தும். சித்திரை வெயிலில் உப்பனாற்றங்கரையில் சட்டைமேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு யார் நிற்பது? நெஞ்சும் முதுகும் காற்றாட இருக்க வேண்டும் என்பதே நம் ஊரில் இடுப்பில் கட்டுவதற்கு முதல் காரணம். உங்கள் கட்டுரையில் இதைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

சுமை தாங்குவது பட்டை என்றால், பட்டையிலிருந்து பெயர் பிறக்கட்டும். என் பரிந்துரை 'கச்சைப்பை'. கச்சை என்பது இடுப்பை இறுக்கிக் கட்டுவது. அதில் பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கம் அச்சுத் தமிழிலேயே பதிவாகியிருக்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் தமிழ் வேதாகமத்தில் சீடர்களை அனுப்பும் இடத்தில் 'உங்கள் கச்சைகளில் பொன்னையாவது, வெள்ளியையாவது' என்று வருகிறது. காசு வைக்க அறை உள்ள அகலப் பச்சை பெல்ட்டை வேட்டிமேல் கட்டிய பெரியவர்களை மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் பார்த்து வளர்ந்தவன் நான். அதுவும் கச்சையே.

இந்தச் சொல்லோடு ஒரு குடும்பமே கிடைக்கிறது. உப்புநீரில் வீசுபவர்கள் சிலர், இழுத்த இழை காலடியில் அலைந்து சிக்காமலிருக்க முன்வயிற்றில் ஒரு கூடை கட்டிக்கொள்கிறார்கள். அது 'கச்சைக்கூடை'. பை பின்னால், கூடை முன்னால், இரண்டும் இடுப்பில். 'இடுப்புப் பை' என்று பொதுவாக வைத்தால் இந்த இரண்டாவது பொருளுக்கு இன்னொரு நீளப் பெயர் தேட வேண்டும்.

ஒரு தோளில் குறுக்காக மாட்டும் ஸ்லிங் பேக்குக்கும் சொல் இருக்கிறது, அதுவும் தூண்டில்காரனைப் பற்றிய பாட்டிலேயே. பெரும்பாணாற்றுப்படையில் 'பச்சூன் பெய்த சுவல்பிணி பைந்தோல்' என்று தொடங்கும் அடிகளில், இரை இறைச்சி போட்ட தோற்பையைச் சுவலில், அதாவது பிடரியும் தோளும் சேரும் இடத்தில், கட்டிக்கொண்டு பாண்மகன் நெடுங்கழைத் தூண்டிலோடு நிற்கிறான். இரையைக் கவ்விவிட்டுத் தூண்டிலுக்குத் தப்பிய வாளை மீன் பிறகு நீரோரத்துப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டுகூட மிரள்கிறது. கோலின் நிழல் மீனை விரட்டும் என்பதைத் தூண்டில் பிடித்த ஒருவரைப் பார்க்காமல் எழுதியிருக்க முடியாது. அந்தப் பைக்கு 'சுவற்பை' என்று பெயர் வைத்தால் ஸ்லிங் பேக் முடிந்தது. மார்பில் தொங்குவது மார்புப்பை. இடுப்பில் இருப்பது கச்சைப்பை.

பண்ருட்டி

ஐயா, விளக்கம் அருமை. ஒரே ஒரு தடை. இளைஞர்களுக்குக் கச்சை என்றால் மார்க்கச்சையும் கோவணமும்தானே நினைவுக்கு வரும்? கடையில் கேட்கக் கூச்சப்படுவார்களே.

கடலூர் முதுநகர்

தம்பி, 'கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார்கள்' என்று செய்தித்தாளில் இன்றும் எழுதுகிறார்கள், யாரும் கூசுவதில்லை. 'பை' சேர்ந்தவுடன் பொருள் தனியாகப் பிரிந்துவிடும். கடையில் 'ஹிப் பேக்' என்றே கேட்கட்டும், கெடுதல் இல்லை. நாம் தேடுவது எழுத்தில் மூன்று வகைப் பைகளையும் குழப்பமில்லாமல் பிரித்துக்காட்டும் சொல். பேச்சுக்கு மட்டும், லாஸ்பேட்டை அன்பர் சொன்ன 'இடுப்புப் பை'யே இருக்கட்டும் என்பதை நான் ஏற்கிறேன்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஐயா, மிக்க நன்றி. சொற்களை வைத்து வரைவைத் திருத்திப் பார்த்தேன். வாக்கியங்கள் தாமாகவே சுருங்கின. முக்கியமான பத்தியை இங்கே இடுகிறேன், எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

"கச்சைப்பை வாங்குமுன் நீங்கள் எவ்வளவு ஆழத்தில் நிற்பவர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேங்காய்த்திட்டு அலையாத்திக் கரையில் முழங்கால் நீரில் மட்டும் நிற்பவருக்குச் சாதாரண நைலான் துணிப் பையே போதும். சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலோ கெடிலம் கடலில் சேரும் இடத்திலோ கொடுவாவுக்காக இறங்குபவர் அப்படி வாங்கக் கூடாது. மணல்திட்டு மழைக்கு மழை இடம் மாறும். தொடையளவு என்று நினைத்து எடுத்துவைக்கும் அடுத்த அடி இடுப்பளவாக இருக்கும். அப்போது முதலில் நனைவது கச்சைப்பையின் அடிப்பாகம். ஐபிஎக்ஸ்7 என்ற குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் வரை நீர் புகாது என்று பொருள். அந்தத் தரம் வேண்டாம், விலை கட்டுப்படியாகாது என்றால், கூடுதலாக ஒரு தோள்வார் உள்ள பையை வாங்குங்கள். ஆழம் கூடும்போது பையை மார்புவரை தூக்கிச் சுவற்பை போல மாட்டிக்கொள்ளலாம். கைபேசியையும் வண்டிச் சாவியையும் எந்தப் பையாக இருந்தாலும் தனி நீர்ப்புகா உறையில் இட்டே வையுங்கள்.

அளவில் ஆசைப்பட வேண்டாம். பத்து லிட்டர் பை வாங்கினால் பத்து லிட்டரும் நிரம்பிவிடும், பட்டை கீழே சரியும், ஒவ்வொரு வீச்சுக்கும் அதை மேலே இழுத்துவிட வேண்டியிருக்கும். எங்கள் கழிமுகங்களில் கொடுவா, பாறை இரண்டுக்கும் கையில் எட்டாம் எண் கோல் (வீசும் இழையின் கனத்தைக் குறிக்கும் எண்), பையில் பொய்யிரைப் பெட்டி ஒன்று, தடித்த தங்கூஸ் சுருள் இரண்டு, இடுக்கி, வெட்டி, குடிக்கத் தண்ணீர் என்று போனால் ஆறு லிட்டர் தாராளம். கடையில் வெறும் பையைக் கட்டிப் பார்த்து வாங்காதீர்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றை உள்ளே வைத்து, பட்டையை இறுக்கி, பையை முதுகிலிருந்து வயிற்றுக்கும் திரும்ப முதுகுக்கும் சுழற்றிப் பாருங்கள். சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் அது உங்களுக்கான பட்டை இல்லை. பையின் மேல்மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் கவனியுங்கள். உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக விழும் மூடி வேலை செய்ய ஒரு சிறு மேசையாகும். உடம்பை நோக்கித் திறந்தால் பெட்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கை இடிக்கும்.

வெளியே தொங்கும் கொக்கி, வளையம், சுருள்தாங்கி எல்லாம் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். இழுத்த இழை அவை ஒவ்வொன்றிலும் மாட்டும். வெளியே எவ்வளவு குறைவாகத் தொங்குகிறதோ அவ்வளவு நல்லது. இடுக்கி மட்டும் செருகு உறையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பையை நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, ஜிப்பைத் திறந்துவைத்து நிழலில் உலர்த்துங்கள். உப்பு படிந்த ஜிப் அடுத்த வாரம் திறக்காது."

இன்னொன்றையும் சேர்க்க நினைக்கிறேன். இந்தப் பைகளின் பட்டை, குளிர்நாட்டார் நீரில் இறங்க அணியும் தடித்த நீர்க்காலுடைமேல் கட்டிக்கொள்ளும் அளவுக்கும் நீளும். ஒல்லியானவர் மெல்லிய சட்டைமேல் கட்டினால் கடைசி வரை இறுக்கியும் தளர்ந்தே நிற்கலாம். அதனால் பட்டை எவ்வளவு நீளும் என்பதைவிட எவ்வளவு குறுகும் என்று கேட்டு வாங்கச் சொல்லப் போகிறேன். அந்த இடத்தில் பக்கிள் என்பதற்கு 'பூட்டு' என்று எழுதியிருக்கிறேன். 'கச்சைப்பூட்டு' என்று முழுமையாக எழுதுவதா, வெறும் 'பூட்டு' போதுமா? முதுநகர் ஐயாவும் மற்றவர்களும் சொன்னால் இந்த வாரமே பகுதியை முடித்து அனுப்பிவிடுவேன்.