பக்கத்தில் கிரவல் (செம்மண் சரளை) அகழ்வு வருகிறதா? கிணற்றுத் தண்ணீர் பற்றி உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தையான்:
அவிசாவளைப் பக்கம் மாமி வீட்டுக்குக் கிட்ட கிரவல் வெட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். ஊர்ச் சனத்தின் பயத்தைப் போக்கவென்று ஒரு கூட்டம் வைத்தார்கள், நானும் போனேன். கம்பனிக்காரர் கலர் படங்கள் காட்டி, "இரசாயனம் ஒன்றும் பாவிக்கிறதில்லை, தண்ணி எப்படிக் கெடும்?" என்பதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார். தோட்ட லயத்திலிருந்து வந்த ஒரு அம்மா எழும்பி, "ஐயா, கிரவல் கழுவுற தண்ணி தேங்குற அந்தக் குட்டை மழைக்கு நெரம்பி வழிஞ்சா எங்க கெணத்துக்குத்தானே வரும்?" என்று கேட்டார். மனுஷன் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பதில் சொல்ல வேண்டிய கேள்வியே அதுதான். கிரவலைக் கழுவினால் பிரியும் களி அவ்வளவு நுண்ணியது, நாட்கணக்கில் தேக்கி வைத்தாலும் முழுதாய் அடியில் படியாது. கழுவாமல் அள்ளினாலும், மே மாதம் தென்மேல் மழை தொடங்கினால் திறந்து கிடக்கும் செம்மண் ஓடைக்குத்தான் போகும். கலங்கல் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரினும் சரியாக வேலை செய்யாது. குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் சுற்றுவட்டக் கிணறுகளில் தண்ணீர் இறங்கக்கூடும்.

வெட்டுமுன் கிணறுகளைப் பரிசோதித்து எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன். "பிறகு பார்ப்போம்" என்றார். பிறகு பார்த்தால் எதோடு ஒப்பிடுவது? "உங்க கிணறு முந்தியே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கடுவெல அக்கா:
கொழும்பு டவுனில் இருக்கிற எங்களுக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையில்தான் விழுகின்றன, எங்கள் பைப்புக்கு அம்பத்தலையில் அள்ளுவதும் அதே தண்ணீர். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துபோய், கோடையில் கடல் உப்பு மேலே ஏறுகிறதென்று அங்கே குறுக்கே மணல் மூட்டை அடுக்கினார்களே, மறந்துபோச்சா?

பழைய ஆய்வுகூடக்காரன்:
கம்பனியை நம்பி இருக்காதீர்கள், அயலவர் சேர்ந்து கிணற்றுப் பரிசோதனையை நீங்களே செய்யுங்கள். கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று. கலங்கல், பீஎச் (அமில, காரத் தன்மை), இரும்பு, மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டும்), கோலிபோம் (அசுத்தம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஆகியவை போதும். குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 614, அதில் கலங்கல் 2 என்டியூவை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. கோலிபோமுக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும், பழைய சோடாப் போத்தல் சரிவராது. கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தையும் அளந்து, திகதியோடு எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் ஒப்பம் வாங்கி வையுங்கள்.

வெள்ளவத்தையான்:
நன்றி ஐயா. மாமியிடம் சொல்லிவிட்டேன், பக்கத்து வீடுகளும் சேருகின்றன. அனுமதிப்பத்திரம் கொடுத்தாச்சா என்று எங்கே கேட்பது?

கடுவெல அக்கா:
புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தில் தம்பி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கோ, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். நிபந்தனைகள் தனித் தாளில் இருந்தால் அதன் பிரதியும் வேண்டுமென்று மறக்காமல் எழுதுங்கோ.