புலிப் பாய்ச்சல் பள்ளத்தாக்கில் என்னைப் பின்தொடர்ந்த கோவேறு கழுதை

மொழி தெரியாத ஊர்களில் சந்தித்த மனிதர்களைப் பற்றி நண்பர்கள் எழுதிவருவதைப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு கோவேறு கழுதையின் கழுத்து மணியோசைதான். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரி முதல் 30 நாள்கள் வரை விசா இல்லாமலேயே சீனாவில் தங்கலாம் என்பதால், மழை முழுவதுமாக ஓய்ந்த நவம்பர் மாதத்தில் முதுகுப் பையோடு யுன்னான் மாகாணத்துக்குக் கிளம்பினேன். குன்மிங்கிலிருந்து ரயிலில் லிஜியாங்; அங்கிருந்து புலிப் பாய்ச்சல் பள்ளத்தாக்கு; கடைசியாக ஷாசி என்ற சிற்றூர் என்பதே திட்டம்.

லிஜியாங்கைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. 1996 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்று, மறு ஆண்டே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரம் அது. கல் பாவிய தெருக்களின் ஓரமாக ஓடும் வாய்க்கால்கள் அழகுதான். ஆனால் அங்கு வாழ்ந்த ‘நாசி’ (Naxi) என்ற சிறுபான்மை இன மக்களில் பலர் வீடுகளை வெளியூர் வணிகர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பூசாரிகள் சடங்கு நூல்களை எழுதிய தொங்பா சித்திர எழுத்து இப்போது கடைப் பலகைகளில்தான் அதிகம் தென்படுகிறது.

பள்ளத்தாக்கு வேறு உலகம். ஒரு பக்கம் 5,596 மீட்டர் உயரமுள்ள ஜேட் டிராகன் பனிமலை, மறுபக்கம் 5,396 மீட்டர் உயரமுள்ள ஹாபா பனிமலை; இரண்டுக்கும் நடுவே, யாங்சியின் மேற்பகுதியாகிய ஜின்ஷா ஆறு பாறைகளில் மோதி இரைந்துகொண்டே போகிறது. ஹாபா மலைச்சரிவில் செல்லும் மேல்தடத்தில் ‘இருபத்தெட்டு வளைவுகள்’ என்ற செங்குத்தான ஏற்றம் தொடங்கும் இடத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கோவேறு கழுதையோடு என் பின்னால் வரத் தொடங்கினார். நான் நடந்தால் அவரும் நடந்தார். நான் மூச்சு வாங்க நின்றால் அவரும் இருபதடி தள்ளி நின்று, மலையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எப்போது சோர்ந்து விழுவேன் என்று கணக்குப் போட்டபடி வந்த அந்தப் பொறுமை எனக்கு எரிச்சலூட்டியது என்பதை மறைப்பானேன்? எட்டாவது வளைவிலேயே அவருடைய கணக்குப் பலித்துவிட்டது.

பையை மட்டும் சுமக்க எவ்வளவு என்று சைகையால் கேட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டிக் காட்டினார். இரண்டு விரல்கள் என்றால் இருபது யுவான், மலிவுதான் என்று மகிழ்ந்து பையைக் கொடுத்தேன். உச்சியில் இருபதை நீட்டியபோது அவர் வாங்க மறுத்து, அதே இரண்டு விரல்களை மறுபடியும் என் முகத்துக்கு நேராக நீட்டினார். குரல் உயர்ந்தது, என் குரலும்தான். பின்னால் வந்த சீன இளம் தம்பதியர் மொழிபெயர்ப்புச் செயலியை எடுத்து விளக்கிய பிறகே விஷயம் புரிந்தது. சீனர்கள் ஒன்று முதல் பத்து வரை ஒரே கையால் எண்ணுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தக் கணக்கில் எட்டு. அவர் கேட்டது எண்பது. வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டுப் பணத்தைச் செலுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே என் பைப்பட்டையை இறுக்கிவிட்டு, “மன் மன் ட்சோ” என்றார். ‘மெதுவாக நட’ என்று பொருள் தெரிந்ததால், என் நடையைக் கேலி செய்கிறார் என்றே எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு தங்கிய விடுதியில் வேறு சிக்கல். “வோ ச்ர் சூ”, அதாவது ‘நான் சைவம் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிப் பழகியிருந்தேன்; ஆனால் அப்பகுதியில் வெறும் கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம் என்பதால் அது மட்டும் போதாது. விடுதிக்கார அக்கா என்னை அடுப்படிக்கே அழைத்துச் சென்று, கொழுப்புச் சட்டியை மூடித் தள்ளிவைத்து, கடுகெண்ணெயைப் போன்ற வாடையுள்ள ஓர் எண்ணெயை முகர்ந்து பார்க்கச் சொன்னார். நான் தலையசைத்த பிறகே வாணலி ஏறியது. தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி கேட்டபோது கொடுத்தது, நம் வீட்டுப் பொடிக்குக் குறைந்ததல்ல.

ஷாசிக்குப் போக, ஜியான்ச்சுவான் வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து ஒரு சிறு வேன் பிடிக்க வேண்டும். பெட்டி ரொட்டியின் வடிவத்தில் இருப்பதால் அதை ‘ரொட்டி வண்டி’ என்றே அழைக்கிறார்கள். ஆள் நிரம்பாமல் நகராது. புவர் தேயிலைக் கட்டிகளைத் திபெத்துக்குக் கொண்டுசென்று குதிரைகளோடு திரும்பிய வணிகக் கூட்டங்கள் தங்கிச் சென்ற ஊர் ஷாசி. பாழடைந்து கிடந்த அதன் சந்தைச் சதுக்கத்தை, ஆபத்திலுள்ள நினைவிடங்களின் 2002 பட்டியலில் உலக நினைவுச்சின்ன நிதியம் சேர்த்தது; பிறகு சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உள்ளூர் நிர்வாகத்தோடு சேர்ந்து அதைப் புதுப்பித்தார்கள். பழையதைப் புதிதுபோல் பளபளக்கச் செய்யாமல், விரிசல் விட்ட மண்சுவரை விரிசலோடு நிறுத்தியிருப்பதை நான் மிகவும் ரசித்தேன்.

சதுக்கத்தின் ஒரு பக்கம் நாடக மேடை, எதிரே 1415இல் கட்டிய ஷிங்ஜியாவ் கோயில். வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் செயலியின் உதவியோடு, இது யுன்னானில் வாழும் ‘பாய்’ (Bai) இன மக்களின் ‘அஜாலி’ பௌத்தக் கோயில் என்றார். அந்தச் சொல் ‘ஆசார்ய’ என்பதன் சீன உச்சரிப்பு என்று முன்பே படித்திருந்தேன். நாங்கள் ஆசிரியரை ‘ஆசாரியர்’ என்றும் அழைப்போம் என்று நான் சொன்னபோது, அவர் இருமுறை அதைத் திருத்தமாக உச்சரித்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டுப்பால் கட்டி விற்ற பாட்டி ஒருவர், நம் பன்னீரை ஒத்த அதை ஒரு துண்டு வாட்டிக் கொடுத்துவிட்டுப் பணம் வேண்டாம் என்றார். நான் கிளம்பும்போது அவரும் “மன் மன் ட்சோ” என்றதும் திகைத்து நின்றுவிட்டேன். அப்போது நான் நடந்துகொண்டுகூட இருக்கவில்லை. அருகிலிருந்த காப்பிக் கடைப் பெண் சிரித்தபடி, விடைபெறுபவர்களிடம் ‘பார்த்துப் போய்வாருங்கள்’ என்று சொல்லும் முறை அது என்று விளக்கினார்.

ஊர் திரும்பும் ரொட்டி வண்டி நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கட்டணம் எவ்வளவு என்று கேட்டதற்கு ஓட்டுநர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினார். ஆறு என்று இம்முறை எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் சொன்னது பதினாறு, பத்தைக் காட்டிய மற்றொரு கையை நான் கவனிக்கவில்லை.