நடனத் தொடரைப் பார்த்துவிட்டு நியூயார்க் போனவர்கள் எழுதுங்கள்

வடக்குவாசல்
தொடரில் பிராங்ஸ் பகுதியில் டி.ஜே. கூல் ஹெர்க் வீட்டைக் காட்டுவார்களே, 1520 செட்ஜ்விக் அவென்யூ, ஹிப்ஹாப் பிறந்ததாகச் சொல்லும் 1973 ஆகஸ்ட் 11 விருந்து நடந்த இடம். அதற்காகவே போனேன். அன்று மாலை பக்கத்துப் பூங்காவில் பிரேக்கிங் வட்டம், தரையில் சுழன்று ஆடும் ஹிப்ஹாப் நடனம். நான் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வயதிருக்கும் ஒரு பையன் ஆடி முடித்த கையோடு நேராக என்னிடம் வந்து லென்ஸை உள்ளங்கையால் மூடினான். முகத்தில் கோபமே இல்லை. மறு கையால் வட்டத்தின் நடுவைக் காட்டினான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டேன். மூன்று வருடமாகிறது. தரையில் உரசிச் சிராய்த்திருந்த அந்த உள்ளங்கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தாளம்_தப்பியவள்
எனக்கு சல்சா. நான்கு வருடம் கற்ற தைரியத்தில் போனேன். அங்கே பலரும் 'ஆன் டூ', அதாவது தாளத்தின் இரண்டாம் எண்ணிக்கையில் திசை மாற்றி அடி வைப்பது. நியூயார்க் பலேடியம் மண்டபத்து மாம்போ நடன வழியில் வந்தது. நான் பழக்கப்படி ஒன்றிலேயே காலை வைத்தேன். என்னுடன் ஆடிய பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வாய் திறக்கவில்லை. கோங்கா மேளத்தில் 'பட்' என்று ஓர் அடி விழுமே, அது இரண்டில்தான் விழுகிறது. அது விழும்போதெல்லாம் என் முதுகில் ஒரு விரலால் தட்டினார். பாட்டு முடியும் நேரத்தில் என் கால் தானாக அங்கே போய் விழுந்தது. நன்றி சொல்லத் திரும்புவதற்குள் வேறொருவருடன் ஆடப் போய்விட்டார்.

மாடிப்படி
வடக்குவாசல், நீங்கள் மறுத்திருக்கக் கூடாது. அந்த வட்டத்துக்குள் ஒருவரை அழைப்பது மரியாதை. இரண்டு அடி வைத்துவிட்டு வந்திருந்தாலும் கைதட்டியிருப்பார்கள். தாளம்_தப்பியவள், ஒன்றில் ஆடுவது தப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் பாணியே ஒன்றில்தான்.

நான் பார்த்தது வோகிங் போட்டி. மாடல்களைப் போல நிலைகள் பிடித்து ஆடும் நடனம், கறுப்பின, லத்தீன் பால்புதுமையினர் வளர்த்தது. ஒருவர் சுழன்று முதுகில் விழுந்ததும் தொடரில் கேட்டபடி 'டெத் டிராப்' என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் "டிப்" என்று மெதுவாகத் திருத்தினார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே 'ஹவுஸ்' என்றால் வெறும் குழு என்று எண்ணிவிடாதீர்கள். பெற்ற வீடு துரத்திய எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் குடும்பம். அதன் தலைவர்களைத் தாய், தந்தை என்றே அழைக்கிறார்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். யாரையும் 'நீங்கள் ஆணா, பெண்ணா' என்று கேட்காதீர்கள். சுற்றுலா போல அரை மணி நேரத்தில் எழுந்து வராதீர்கள், விடியும்வரை இருங்கள்.

வடக்குவாசல்
மாடிப்படி, எனக்கு ஓர் அடிகூட ஆடத் தெரியாது. மரியாதை என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் சும்மாவாவது போய் நின்றிருப்பேன்.

நிழல்மரம்
ஹார்லெமில் லெனாக்ஸ் அவென்யூவில் 140, 141ஆம் தெருக்களுக்கு நடுவே, சவோய் மண்டபம் இருந்த இடம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் லிண்டி ஹாப் என்ற ஜாஸ் ஜோடி நடனம் ஆடிய மண்டபம், 1958இல் மூடிவிட்டார்கள். இப்போது குடியிருப்புகளும் ஒரு நினைவுப் பலகையும்தான். தொடரில் ஒரு நொடி வந்து போகும். நான் பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோது கிழவர் ஒருவர் காய்கறிப் பையைத் தரையில் வைத்தார். இல்லாத துணையின் கையைப் பிடிப்பதுபோல வலக்கையை நீட்டி, எட்டு எண்ணிக்கைக்கு ஒரே ஒரு சுற்று ஆடினார். பையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டார்.