கொடைக்கானல் சிறுவர் முகாம், மே 2006: ஒரு குழுத் தலைவனின் அனுபவம்

சிறுவயதில் கிறிஸ்தவச் சிறுவர் முகாமுக்குப் போன நினைவுகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் போனது சிறுவனாக அல்ல, குழுத் தலைவனாக. அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். எங்கள் சேகரத்தின், அதாவது சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவின், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தி வந்ததால், ஒன்பது, பத்து வயதுப் பையன்கள் எட்டுப் பேரை என் பொறுப்பில் விட்டார்கள். அந்த ஆண்டு மே 8 அன்று சட்டமன்றத் தேர்தல். முகாமை நடத்துபவர்களில் பாதிப்பேர் பள்ளி ஆசிரியர்கள் என்பதால், தேர்தல் பணி முடிந்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு, 15 ஆம் தேதி திங்கட்கிழமைதான் முகாம் தொடங்கியது.

பாளையங்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டு வரை பாட்டுச் சத்தத்தில் பேருந்தே அதிர்ந்தது. மலைப்பாதை வளையத் தொடங்கியதும் பாட்டு நின்றது, எலுமிச்சம்பழங்கள் வெளியே வந்தன. வெள்ளி அருவிக்கு அருகே இறங்கி முகம் கழுவியபோதுதான் ஒருவன் மட்டும் தண்ணீரைத் தொடாமல் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். சாத்தான்குளத்துத் தேரிக்காட்டுப் பக்கத்துப் பையன். செம்மண்ணில் செருப்பில்லாமல் ஓடி வளர்ந்தவன், கம்பளிச்சட்டை என்ற ஒன்றை அதுவரை போட்டதே இல்லை. அன்று அணிந்திருந்ததும் அண்ணனுடையது. கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின.

கொடைக்கானலின் கதையே வெயிலுக்குப் பயந்தவர்களின் கதைதான். 1845 இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் காய்ச்சலிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் குடும்பங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஊர் அதிலிருந்து வளர்ந்தது. அவர்கள் தேடி வந்த குளிர்தான் என் குழுப் பையனுக்கு எதிரியாக வாய்த்தது. இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், மே மாதத்திலும் இரவில் 12, 13 பாகைக்கு இறங்கிவிடும் அந்தக் காற்றில், முதல் இரவே அவன் படுக்கையை நனைத்துவிட்டான். நனைந்த விரிப்பைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல விசில் சத்தத்துக்கு வரிசையில் வந்து நின்றிருக்கிறான். எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பாடத்தில் மூத்த தலைவர் ஒருவர் ஜோசையா ஸ்பையர்ஸின் கதையைச் சொன்னார். 1868 ஆம் ஆண்டுக் கோடையில், வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில், 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்ற வசனத்தை மணலில் எழுதி, அதைச் சிப்பிகளாலும் பாசியாலும் அலங்கரிக்கச் சொல்லிச் சிறுவர்களைக் கூட்டியவர் அவர். நாங்களும் பைன் மரத்தடியில் காய்களைப் பொறுக்கி அதே வசனத்தை எழுதினோம். 'அன்பாகவே' வரை வந்தபோது காய்கள் தீர்ந்துவிட்டதால், மீதியைத் தைலமர இலைகளால் நிரப்பினார்கள். மதியம் வழக்கம்போல மழை வந்து இலைகளை அடித்துக்கொண்டு போனது. காய்கள் அசையவில்லை. தேரிக்காட்டுப் பையன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிரவு பாட்டு மெதுவாகி, விளக்குகள் குறைந்து, ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். குழுத் தலைவர்கள் கண்ணைத் திறந்து கைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கும்போது நாம் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு அன்றே உறுத்தியது, ஆனாலும் எண்ணினேன். என் குழுவில் ஐந்து கைகள், அவற்றில் ஒன்று நீளமான கம்பளிக்கைக்குள் மறைந்திருந்தது. மறுநாள் புதன்கிழமை இரவும் அதே அழைப்பு. நான்கு கைகள், அதே கம்பளிக்கை மறுபடியும். கூட்டம் முடிந்ததும் அவனைத் தனியே அழைத்து, இரண்டாம் முறை ஏன் உயர்த்தினாய் என்று கேட்டேன்.

"நேத்து என் கை சட்டைக்குள்ள இருந்துச்சுல்லாண்ணே, நீங்க பாத்திருக்க மாட்டீயன்னு நெனச்சேன்."

ஆனால் அந்தப் புதன்கிழமை விடியலிலேயே விஷயம் வெளிப்பட்டிருந்தது. இரண்டு நாள் விரிப்புகளும் பைக்குள் இருந்தால் வாசம் சும்மா இருக்குமா? மற்றவர்கள் பல் துலக்கப் போயிருந்த நேரத்தில் அவற்றை எடுத்து அலசி வெளியே கயிற்றில் போடப்போன என்னை, சமையல் பொறுப்பிலிருந்த அண்ணாச்சி கையமர்த்தினார். "மஞ்சுல போட்டா நாலு நாளானாலும் காயாது தம்பி, ஊருக்கே தெரிஞ்சும் போகும்" என்று சொல்லி, வெந்நீர் அண்டா வைத்திருந்த விறகடுப்புக்குப் பின்னால் ஒரு கயிற்றைக் கட்டினார். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டன, புகை வாசம் மட்டும் போகவில்லை.

அதோடு அவர் விடவில்லை. மதியச் சாப்பாட்டின்போது எங்கள் மேசைக்கு வந்து, ராத்திரி அடுப்பு அணைந்துவிட்டதா என்று போய்ப் பார்த்துவர நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். யார் யாரோ கையைத் தூக்கினார்கள். கம்பளிக்கைக்காரனைச் சுட்டி, இவன்தான் சரி என்றார். பதினொரு மணிக்கு நான் அவனை எழுப்ப வேண்டும், இருவரும் சமையற்கட்டு வரை நடக்க வேண்டும், திரும்பும் வழியில்தான் கழிப்பறை. அன்றும் மறுநாளும் விரிப்பு நனையவில்லை. பயிற்சி வகுப்பில் எங்களுக்குக் கதை சொல்லும் முறை, பாட்டுக்கான சைகைகள், மனப்பாட வசனத்தைப் பதியவைக்கும் வழி எல்லாம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை இரவு சாட்சி சொல்லும் நேரத்தில், முன்னே வந்த பிள்ளைகள் எல்லாரும் ஆண்டவர் தங்களோடு பேசினார் என்ற ஒரே வாக்கியத்தை ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். இவன் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ராத்திரி அடுப்பு அணைஞ்சிருக்கான்னு போய்ப் பாத்தேன், அணைஞ்சிருந்துச்சு. ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் கரண்டியோடு நின்ற அண்ணாச்சி மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

குழுவாரியான அறிக்கையை வெள்ளிக்கிழமை காலை பேருந்து ஏறுமுன் கொடுத்தாக வேண்டும். குறிப்பேட்டிலிருந்த எண்களைக் கூட்டி எழுதி நீட்டினேன். அதன் நகலை வீட்டில் பிரித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: சிறுவர்கள் 8, தீர்மானம் எடுத்தோர், அதாவது கை உயர்த்தியோர், 9. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை.