'டெட் ஸோன்': இறந்த மண்டலமா, அலைமறைவா?

குழுவினருக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் வைஃபை கையேட்டில் 'டெட் ஸோன்', அதாவது வீட்டில் வைஃபை அலை எட்டாத இடம், என்பதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இறந்த மண்டலம், சமிக்ஞையற்ற பகுதி, குருட்டிடம். முதல் சொல்லை வீட்டில் படித்துக் காட்டினேன். "நம்ம சமையலறை என்ன சுடுகாடா?" என்று கேட்டுவிட்டார்கள்.

என் பரிந்துரை: அலைமறைவு. பள்ளிப் புவியியலில் மழைமறைவுப் பகுதி படித்தோமே, அதே கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிப்பதால் கிழக்குப் பக்கம் மழை குறைகிறது. இங்கே மலைக்குப் பதில் பீரோ.

எங்கள் ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்தது. அதை ஒட்டி ஸ்டீல் பீரோ. ஹாலில் போன் காட்டியது மைனஸ் 48 டிபிஎம் (அலையின் வலிமையைச் சொல்லும் அலகு), சமையலறையில் மைனஸ் 83. மைனஸுக்குப் பின்னால் எண் ஏற ஏற அலை மெலிகிறது என்று பொருள். வீடியோ அழைப்பு திக்காமல் ஓட மைனஸ் 67 அளவிலாவது வேண்டும். ரவுட்டரை எடுத்து பீரோவின் தலைமேல் வைத்தேன். சமையலறையில் மைனஸ் 66. காசு செலவில்லை.

சொல்லை ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம், ரவுட்டரின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைப் பற்றி: "ரிப்பீட்டரை அலைமறைவுக்குள் வைக்காதீர்கள்; அதன் ஓரத்தில் வையுங்கள்." பலர் செய்யும் தப்பே இதுதான். அலை வராத அறையில் ரிப்பீட்டரை மாட்டினால் அது எதைத்தான் திருப்பி அனுப்பும்? இதே வரியில் 'இறந்த மண்டலம்' போட்டுப் படியுங்கள், சிரிப்புதான் வரும்.

*

மறுமொழி:

மழைமறைவு ஒப்புமை நன்று. ஆனால் 'அலைநிழல்' இன்னும் எளிது இல்லையா? 'மறைவு' என்றால் யாராவது 'அலை மறைவிடம்' என்று எழுதிவைப்பார்கள், அப்புறம் சங்கடம். இன்னொன்று: எங்கள் அபார்ட்மென்டில் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவும் அலைமறைவா?

*

மறுமொழி:

மறைவிடம் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன்! ஆனால் நிழல் தமிழில் ஒதுங்கும் இடம். 'வைஃபை நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்' என்றால் நெட் ஜோராக வருகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் அபார்ட்மென்ட் கதை வேறு. அங்கே அலை வருகிறது, நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சேனல்கள் என்ற தடங்களாகப் பிரிந்திருக்கிறது; அவற்றில் ஒன்றையொன்று இடிக்காதவை 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அவற்றிலேயே முண்டுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறினால் நெரிசல் குறையும். என்ன, அது சுவர் தாண்டச் சிணுங்கும், மறைவு பெரிதாகும். நெரிசலுக்கு ஏற்கெனவே புழங்கும் 'குறுக்கீடு' போதும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், சேனலை மாற்ற வேண்டியவர் ரிப்பீட்டர் வாங்கிவிடுவார்.

ஆகவே கையேட்டின் சொற்பட்டியலில் 'அலைமறைவு' என்று சேர்க்கிறேன். இடத்தைச் சுட்டும் வரிகளில் மட்டும் 'அலைமறைவுப் பகுதி'. ஒற்று மிகும், மறந்துவிடாதீர்கள்.