ஏசி அறையிலும் வியர்க்கிறது: மெத்தையை மாற்றுவதா, விரிப்பை மாற்றுவதா?

மடிப்பாக்கம் வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். என் முதுகுவலிக்காகக் கடந்த தை மாதம் எட்டு அங்குல மெமரி ஃபோம் மெத்தை வாங்கினோம். மேலடுக்கில் குளிர்ச்சி தரும் ஜெல் கலந்திருப்பதாகச் சொல்லியே விற்றார்கள். முதுகுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படுத்த அரைமணி நேரம் சுகமாக இருந்துவிட்டு, இரவு இரண்டு மணி வாக்கில் முதுகும் பிடரியும் நனைந்து விழித்துக்கொள்கிறேன். ஏசியை 26இல் வைத்தால் எனக்கு வியர்க்கிறது. 22இல் வைத்தால் கணவர் கம்பளியைத் தேடுகிறார். மெத்தையின் மேல் நீர் புகாத உறையும், அதன்மேல் '1000 த்ரெட் கவுண்ட்' என்று அச்சிட்ட வழவழப்பான விரிப்பும் போட்டிருக்கிறோம். இவ்வளவு விலை கொடுத்த மெத்தையை ஒதுக்க மனம் வரவில்லை. எதை முதலில் மாற்றலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரூர் நெசவு (பதில்):

அம்மா, படுக்கை விரிப்புத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மெத்தையை இப்போதைக்குத் தொட வேண்டாம். மெமரி ஃபோம் என்பது 1960களில் விமான இருக்கைகளுக்காக அமெரிக்காவின் நாசா ஆதரவில் உருவான பொருள். உடற்சூடு பட்டதும் இளகி, உடலின் வடிவத்துக்குக் குழிந்து கொடுப்பதே அதன் இயல்பு. குழிந்து கொடுப்பதால் முதுகு இளைப்பாறுகிறது. அதே காரணத்தால் முதுகைச் சுற்றிக் காற்று புக இடமில்லாமலும் போகிறது. ஜெல் தன்னால் முடிந்த அளவு சூட்டை வாங்கிக்கொள்ளும், பிறகு அதுவும் உங்கள் உடலளவுக்குச் சூடாகிவிடும். நீங்கள் சொல்லும் அந்த அரைமணி நேர சுகம் அதுதான்.

ஆனால் உங்களை நனைப்பது பெரும்பாலும் மேலே இருக்கும் இரண்டு அடுக்குகள் என்பது என் கணிப்பு. நீர் புகாத உறைகளில் பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை வியர்வை ஆவியையும் வெளியே விடுவதில்லை. அடுத்து, அந்த ஆயிரம். ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை இழைகள் என்பதே த்ரெட் கவுண்ட்; சாதாரணப் பருத்தி நூலில் ஆயிரம் இழைகளை அந்த இடத்துக்குள் அடக்குவது எளிதன்று. முறுக்கிய நூலின் ஒவ்வொரு புரியையும் தனி இழையாக எண்ணித்தான் பெரும்பாலும் அந்தக் கணக்கைக் காட்டுகிறார்கள். அப்படியே உண்மையாக இருந்தாலும், அவ்வளவு நெருக்கமான துணியில் காற்று எங்கே புகும்? வழவழப்பாக இருக்கிறது என்றால் அது சாட்டின் நெசவாக இருக்கலாம், அல்லது பாலியெஸ்டர் கலந்திருக்கலாம். பாலியெஸ்டர் தன் எடையில் அரை விழுக்காடு அளவு ஈரத்தைக்கூட உறிஞ்சாது. பருத்தி ஏறத்தாழ எட்டு விழுக்காடு வரை வாங்கும்.

ஒன்று மேல் ஒன்று கீழாக நெய்த சாதா நெசவில், 200 முதல் 300 வரை எண்ணிக்கை உள்ள முழுப் பருத்தி விரிப்பை வாங்குங்கள். கடையில் பெர்கேல் என்பார்கள். அதற்கும் முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: உறையையும் விரிப்பையும் எடுத்துவிட்டு, துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் வேட்டி ஒன்றை மூன்று இரவுகள் விரித்துப் படுத்துப் பாருங்கள். துவைக்கும்போது மென்மையூட்டும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

போடி இலவம் (பதில்):

மேலே உள்ள ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஃபோமை வைத்துக்கொண்டு விரிப்பில் தீர்வு தேடுவது, அடுப்பை அணைக்காமல் விசிறுவது போலத்தான். எங்கள் பகுதியில் பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும் இலவம்பஞ்சின் இழை, உள்ளே குழல் போல வெற்றிடம் உள்ளது. மேலே மெழுகுப் பூச்சும் இருப்பதால் ஈரத்தை எளிதில் ஏற்காது. முற்காலத்தில் உயிர்காப்பு மிதவைகளில் இதை அடைத்ததும் அதனால்தான். பருத்தித் துணி உறையில் விதை நீக்கிய பஞ்சாகப் பார்த்து அடைத்து வாங்குங்கள். குறையையும் சொல்லிவிடுகிறேன்: நாளடைவில் அமுங்கித் திட்டுத் திட்டாகும், மாதம் ஒருமுறையாவது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், நனைந்தால் வீண்.

பாய்க்காரர் (பதில்):

முதுகுவலிக்காரரிடம் அமுங்கும் மெத்தையைப் பரிந்துரைக்கலாமா, போடி நண்பரே? கோடையில் எங்கள் வீட்டில் மெத்தையின் மேல் கோரைப்பாயை விரித்து, அதன்மேல் மெல்லிய விரிப்பைப் போட்டுக்கொள்வோம். கோரைகளுக்கு இடையே காற்று ஊடாடும். பத்தமடையின் பட்டுப்பாய் இதற்குத் தேவையில்லை. முரட்டுக் கோரையே போதும். ஒரு எச்சரிக்கை: கெட்டியான தென்னை நார் மெத்தையில் பாய் நெடுநாள் நிற்கும், இடுப்பு புதையும் ஃபோமில் அந்த இடத்திலேயே கோரை ஒடிந்து குத்தத் தொடங்கும்.

இரவுப் பணி செவிலி (பதில்):

ஒரு சொல் மட்டும். வியர்வை புதிதாகத் தொடங்கியிருந்தால், அல்லது எடை குறைவு, காய்ச்சல், படபடப்பு உடன் இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மிகுதியும் மாதவிடாய் நிற்கும் பருவமும் இரவில் இப்படித்தான் நனைக்கும்.

மடிப்பாக்கம் வாசகி:

பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. சகோதரி கூறியபடி இரத்தப் பரிசோதனை செய்தேன். தைராய்டு சரியாகவே இருக்கிறது. மாமனாரின் பழைய நூல் வேட்டியில் மூன்று இரவுகள் படுத்ததில், இரண்டு இரவுகள் விடியும்வரை எழவில்லை. மூன்றாம் இரவு வியர்த்தது உண்மைதான், ஆனால் அன்று மின்தடை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவில் கக்கும் சூட்டுக்கு எந்த விரிப்பும் ஈடு கொடுக்காது என்று நினைக்கிறேன். நீர் புகாத உறையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். கரூர் ஐயா, பெர்கேல் விரிப்பை முதல்முறை துவைத்தால் எவ்வளவு சுருங்கும்? என் மெத்தைக்கு அளவு சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது.

கரூர் நெசவு:

முன்சுருக்கம் செய்யாத பருத்தி என்றால் நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கலாம் அம்மா. எட்டு அங்குல உயரத்துக்கும் மடித்துச் செருகுவதற்கும் இரு முனைகளிலும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கு மேல் சுருக்கத்துக்காக நீளத்தில் ஒரு சாண் கூடுதலாகவே வாங்குங்கள்.